ரெக்ஸமில் கால்பந்தைத் தவிர என்ன இருக்கிறது?

மகள் ரெக்ஸம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள், பார்க்கப் போகும்போது இரண்டு நாள் அங்கே தங்குவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலிவுட் நடிகர்கள் வாங்கிய கால்பந்து அணியைத் தவிர அந்த ஊரைப் பற்றி எதுவுமே கண்ணில் படவில்லை, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய உண்டு. அதிலும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாத ஒரு சொந்தம் உண்டு. மூன்று குளிர்காலம் அங்கே வேலை பார்த்தவன் நான். வார இறுதியில் மழை விட்டால் நடப்பேன், விடாவிட்டால் நூலகம். அப்படிச் சேர்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வேல்ஸின் வடகிழக்கு மூலை. சில மைல் தாண்டினால் இங்கிலாந்து. நிலக்கரி, இரும்பு, தோல், பீர் இந்த நான்கும்தான் ஊரை வளர்த்தன. நான்கில் இன்று உயிரோடிருப்பது பீர் மட்டும். 2022இல், ராணி எலிசபெத் அரியணை ஏறி எழுபது ஆண்டு ஆனதையொட்டி, நகர அந்தஸ்து கொடுத்தார்கள். ஆனாலும் கடைவீதிக்குப் போகிறவர்கள் இன்றும் 'டவுனுக்குப் போறேன்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஊரின் நடுவில் செயின்ட் ஜைல்ஸ் ஆலயம். அங்கிருந்து தொடங்குங்கள். அதன் கோபுரம் 136 அடி. வேல்ஸின் ஏழு அதிசயங்கள் என்று ஒரு பழைய ஆங்கிலப் பாட்டு உண்டு. ஸ்னோடன் மலை, ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு புனித ஊற்று, லங்கோலன் பாலம் என்று போகும் அந்தப் பட்டியலில் மூன்று அதிசயங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன: ரெக்ஸம் கோபுரம், ஓவர்ட்டன் கிராமத்து யூ மரங்கள், கிரெஸ்ஃபோர்ட் ஆலய மணிகள். பாட்டில் இந்தக் கோபுரத்தை 'ஸ்டீப்பிள்' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் கூர்முனைக் கோபுரத்துக்கு உரியது. நேரில் பார்த்தால் உச்சி தட்டை. அடுத்த வரியில் 'பீப்பிள்' வருகிறது, எதுகைக்காகப் புலவர் உச்சியைக் கூராகச் சீவிக் கொடுத்துவிட்டார். நம் ஊர்ப் புலவர்கள் செய்யாததா?

கோபுரத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரிய கல்பெட்டிக் கல்லறை. அதில் செய்யுளாகவே பொறித்திருக்கிறார்கள். பொருள் ஏறத்தாழ இது: அமெரிக்காவில் பிறந்தான், ஐரோப்பாவில் வளர்ந்தான், ஆப்பிரிக்காவில் பயணம் செய்தான், ஆசியாவில் மணம் முடித்தான், அங்கே நெடுநாள் வாழ்ந்து செழித்தான், லண்டனில் இறந்தான். நன்மை மிகுதியாகவும் தீமை கொஞ்சமாகவும் செய்தான், கணக்கு நேராகிவிட்டது என்று நம்புவோம்.

எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர். அந்தச் செய்யுளில் வரும் 'ஆசியா' வேறெங்கும் இல்லை, நம் சென்னைதான்.

1649இல் பாஸ்டனில் பிறந்தவர். தந்தை வழி வடகிழக்கு வேல்ஸின் யால் என்ற பகுதியைச் சேர்ந்தது, குடும்பப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவை விட்டுத் திரும்பிவிட்டது. பிறகு அவர் அந்த மண்ணை மிதிக்கவே இல்லை. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக, ஆண்டுக்கு 10 பவுண்டு சம்பளத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார். 1680இல் கோட்டைக்குள் புனித மேரி ஆலயம் திறந்தபோது அங்கே நடந்த முதல் திருமணம் அவருடையது. மணமகள் கேத்தரின், அதே ஆண்டில் இறந்த கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸின் மனைவி. பணக்கார விதவை. யேலின் ஏற்றம் அங்கே தொடங்குகிறது.

1687இலிருந்து 1692 வரை அவர்தான் கோட்டையின் தலைவர். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பரில் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். இன்னொன்றும் செய்தார். 1690இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. பேரம் எப்படித் தெரியுமா? கோட்டையோடு சேர்த்து, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரத்து நிலமும் கம்பெனிக்கு. நல்ல பீரங்கியாகப் பார்த்துத்தான் சுட்டிருப்பார்கள். அப்படி அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். கடலூர்க்காரர்கள் குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றும் சொல்லும்போது அந்தச் சத்தம் லேசாகக் கேட்கும். கோட்டைக்கு வைத்த பெயர் செயின்ட் டேவிட். வேல்ஸின் காவல் புனிதர் டேவிட். யேல் சென்னையில் பறிகொடுத்த சின்ன மகனின் பெயரும் டேவிட்.

அந்தப் பிள்ளையைக் கேத்தரினின் முதல் கணவர் ஹின்மர்ஸின் அருகிலேயே புதைத்தார்கள். அந்த உயர்ந்த கூம்புக் கல்லறை இப்போதும் சென்னையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. வாகனம் நிறுத்த இடமில்லாத வளாகத்தில் இது எதற்கு என்று வழக்கு வந்து, இடம் மாற்றச் சொல்லி 2023இல் உயர் நீதிமன்றத்தில் உத்தரவும் ஆனது. தந்தை கல்லறைக்கு ரெக்ஸமில் ராஜ மரியாதை, மகன் கல்லறைக்குச் சென்னையில் பார்க்கிங் தகராறு.

சரி, 'தீமை கொஞ்சம்' என்று கல்லில் எழுதியிருக்கிறார்களே, அது எவ்வளவு என்று கேட்கும் உரிமை நமக்குத்தான் அதிகம். கம்பெனி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது பதவியை வைத்துத் தன் சொந்த வியாபாரம் வளர்த்தார் என்ற குற்றச்சாட்டில். வைரம் அதில் பெரிய பங்கு. கம்பெனிக்கு வலித்தது அதுதான். ஆனால் அவர் தலைமையில் கூடிய கோட்டைக் கவுன்சிலின் பதிவுகளில், செயின்ட் ஹெலினா போகும் கப்பல்களில் அடிமைகளை ஏற்றி அனுப்பும் ஆணைகளும் இருக்கின்றன. அவர்கள் இந்தக் கடற்கரையில் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். பஞ்ச காலத்தில் மனித விலை மலிந்திருந்தது. அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தக் கல்லிலும் இல்லை.

யேல் பல்கலைக்கழக விஷயம் இதன் பிறகு வருகிறது. 1718இல் கனெக்டிகட் காலனியில் கட்டடத்துக்குப் பணமில்லாமல் தவித்த ஒரு சின்னக் கல்லூரிக்கு அவர் ஒன்பது பொதிச் சரக்கு, 417 புத்தகம், ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்று அனுப்பினார். சரக்கில் காலிகோ, மஸ்லின் துணிகளும் இருந்தன. விற்றதில் ஏறத்தாழ 562 பவுண்டு தேறியது. பெயர் நிலைத்துவிட்டது. இவ்வளவு மலிவாக அமரத்துவம் வாங்கியவர் உலகில் இன்னொருவர் இருப்பாரா என்பது சந்தேகம். நன்றிக்கடனாக அந்தப் பல்கலைக்கழகம் செயின்ட் ஜைல்ஸ் கோபுரத்தின் சாயலில் தன் வளாகத்தில் 'ரெக்ஸம் டவர்' என்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறது. ரெக்ஸமிலோ, ரீஜென்ட் தெருவில் ஒரு மதுக்கடைக்கு அவர் பெயர். வெள்ளிக்கிழமை இரவு அந்தக் கடை வாசலில் நிற்கிறவர்களிடம் யேல் யார் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பூட்டு செய்த கம்பெனி என்றார் ஒருவர்.

ஆலயத்துக்குள் போங்கள். நுழையும் முன் அந்த இரும்புக் கதவுகளை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பக்கத்து பெர்ஷம் கிராமத்துக் கொல்லர்களான டேவிஸ் சகோதரர்கள் 1720இல் அடித்தது. இரும்பில் கோலம் போட்டது போல இருக்கும்.

உள்ளே நடந்த ஒரு சம்பவம்தான் உங்களைத் திருச்சிக்குக் கொண்டுபோகப் போகிறது. 1819 மே மாதக் கடைசி. இந்த ஆலயத்தின் விகாராக, அதாவது பொறுப்புக் குருவாக, இருந்தவர் டீன் ஷிப்லி. மறுநாள் பெந்தெகொஸ்தே ஞாயிறு, வெளிநாட்டு மிஷன் வேலைக்குக் காணிக்கை எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்திருந்த மருமகன் கவிதை எழுதுகிறவர். 'காலையில் பாட ஏதாவது எழுதிக் கொடேன்' என்று மாமனார் கேட்க, மருமகன் அறையின் மூலைக்குப் போய் உட்கார்ந்தார். இருபது நிமிடத்தில் பாட்டு ரெடி என்பார்கள். மறுநாள் ஆலயத்தில் பாடினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஆங்கிலம் பேசிய கிறிஸ்தவ உலகம் பாடிய மிஷனரிப் பாட்டு அது. கிரீன்லாந்தின் பனிமலையில் தொடங்கி இந்தியாவின் பவளக் கரைக்கு வரும்.

மருமகன் பெயர் ரெஜினால்ட் ஹீபர். ஆம், திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியின் ஹீபர்.

அந்தப் பாட்டின் இரண்டாம் பத்தி இலங்கையைப் பற்றியது. தீவின் மேல் வாசனைக் காற்று இதமாக வீசுகிறது, காணும் காட்சியெல்லாம் இனிமை, மனிதன் மட்டுமே இழிந்தவன் என்று போகும். எழுதும்போது ஹீபர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. ரெக்ஸமில், மாமனார் வீட்டு மூலையில் உட்கார்ந்து ஒரு தீவின் மக்கள் அனைவருக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார். 1925இல் கல்கத்தாவில் மிஷனரிகள் முன்னால் பேசிய காந்தி இந்த வரியை எடுத்துச் சொல்லி, அவர் இதை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார்.

ஹீபர் 1823இல் கல்கத்தா பிஷப்பாக வந்தார். இந்தியா முழுக்கவும் இலங்கையும் அவர் ஆளுகைக்குள். 1825இல் இலங்கை போனார். 1826இல் சென்னை வழியாகத் தஞ்சாவூர் வந்து ஈஸ்டரைத் தமிழ்க் கிறிஸ்தவர்களோடு கொண்டாடினார், சரபோஜி மன்னரைச் சந்தித்தார், அங்கே ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். ஏப்ரல் 3, திருச்சி. காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் என்ற சபைச் சடங்கை நடத்திவிட்டு, வெயில் தாங்காமல், தங்கியிருந்த பங்களாவின் ஆழமான குளியல் தொட்டியில் இறங்கினார். வெகுநேரம் வெளியே வராததைப் பார்த்து வேலைக்காரர் போய்ப் பார்த்தபோது உயிர் போயிருந்தது. வயது 42. திருச்சி செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கடைசி மாதங்களில் அவர் எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் படித்தால் அந்தப் பாட்டை எழுதிய ஆளைவிட மிருதுவான ஒருவர் தெரிகிறார். இது என் அபிப்பிராயம்.

ஆக, சென்னையில் சம்பாதித்தவர் ரெக்ஸமில் கிடக்கிறார், ரெக்ஸமில் பாட்டெழுதியவர் திருச்சியில் கிடக்கிறார். நான் அந்த ஊரில் இருந்தபோது இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பலகையையும் பார்த்ததில்லை. உங்கள் மகளிடம் சொல்லி வையுங்கள், கல்லூரியில் யாராவது 'உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்' என்று கேட்டால் உதவும்.

ஆலயத்திலிருந்து கீழே இறங்கினால் சில நிமிட நடையில் பீஸ்ட் மார்க்கெட் என்ற இடம். பழைய மாட்டுச் சந்தை. இப்போது கடைகளும் கார் நிறுத்துமிடமும். 1584 அக்டோபரில் இங்கேதான் ரிச்சர்ட் க்வின் என்ற பள்ளிக்கூட வாத்தியாரைத் தூக்கிலிட்டு, உயிர் இருக்கும்போதே இறக்கி வெட்டினார்கள். குற்றம்: கத்தோலிக்கராக இருந்தது, ராணியைத் திருச்சபைக்குத் தலைவி என்று ஒத்துக்கொள்ளாதது. இதுபோலச் செத்தவர்கள் அந்தக் காலத்தில் பலர். க்வினை எனக்குப் பிடிக்கக் காரணம் அவருடைய குசும்பு. ஆலய வழிபாட்டுக்கு வரமாட்டேன் என்றவரை விலங்கோடு ஆறு பேர் தூக்கிக்கொண்டு போய் ஆலயத்தில் வைத்தார்கள். பிரசங்கியார் வாயைத் திறந்ததும் இவர் சங்கிலியைக் குலுக்கத் தொடங்கினார், ஒரு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. மூக்கு சிவந்த ஒரு பாதிரியார் வந்து, பேதுருவுக்குப் போலவே எனக்கும் சாவி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வாதாடினார். பேதுருவிடம் இருந்தது பரலோகச் சாவி, உம்மிடம் இருப்பது பீர்க் கிடங்குச் சாவி என்றார் க்வின். 280 பவுண்டு அபராதம் போட்டார்கள். எவ்வளவு கட்டுவாய் என்று நீதிபதி கேட்டபோது, கையில் ஆறு பென்ஸ் இருக்கிறது என்றார். சாகும்போது கடைசியாகச் சொன்னது வெல்ஷ் மொழியில், 'இயேசுவே, எனக்கு இரங்கும்'. சிறையில் அவர் வெல்ஷில் எழுதிய பாட்டுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1970இல் புனிதராக்கினார்கள். ஊரின் கத்தோலிக்கப் பேராலயத்தில் அவருடைய உடற்பகுதி ஒன்றைப் பாதுகாக்கிறார்கள்.

பீர்க் கிடங்கு என்றதும் நினைவு வருகிறது. லாகர் பீர் பிரிட்டனுக்கே புதிதாக இருந்த 1882இல், மான்செஸ்டரில் குடியேறிய ஜெர்மானியர்கள் சிலர் இந்த ஊர் நிலத்தடித் தண்ணீர் நன்றாக இருக்கிறதே என்று இங்கே வந்து லாகர் ஆலை போட்டார்கள். நிலவறையைப் போதுமான அளவு குளிர வைக்க முடியாமல் தடுமாறினார்கள். பக்கத்தில் ரசாயன ஆலை நடத்திய ராபர்ட் கிரேசர் என்ற இன்னொரு ஜெர்மானியர் இயந்திரக் குளிரூட்டலைக் கொண்டுவந்து காப்பாற்றினார். 2000இல் மூடி, 2011இல் மறுபடி பிறந்திருக்கிறது. கால்பந்து ரசிகர்கள் அணியின் பெயரைப் போலவே கத்திச் சொல்லும் 'ரெக்ஸம் லாகர்' என்ற பீர் பெயருக்குப் பின்னால் இருப்பது சாக்சனியிலிருந்து வந்த ஒரு ரசாயனக்காரர்.

ஊருக்குள் இன்னும் இரண்டு பேரை ஓட்டத்தில் சொல்லிவிடுகிறேன். ஆக்டன் பூங்காவில் காலை நடை போனால், அங்கே முன்பு இருந்த மாளிகையில் 1645இல் பிறந்தவர்தான் 1685 கலகத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்களுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதி ஜெஃப்ரிஸ் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாளிகை இப்போது இல்லை, வாத்துகள் இருக்கின்றன. வில்லியம் லோ என்ற சுரங்கப் பொறியாளர் இந்த ஊரில் ரோஸ்னீத் என்ற வீட்டில் வாழ்ந்தவர். ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் ரயில் விட ஒற்றைச் சுரங்கம் ஆகாது, இரட்டைச் சுரங்கம் போட்டு நடுநடுவே குறுக்கு வழிகளால் இணைத்தால்தான் காற்று ஓடும் என்று 1860களிலேயே வரைந்து பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வரை கொண்டுபோனவர். நிலக்கரிச் சுரங்கத்தில் கற்ற பாடம் அது. இன்றைய சுரங்கத்தில் ரயில்கள் ஓடுவதும் இரண்டு தனிக் குழாய்களில்தான், குறுக்கு இணைப்புகளோடு. 1994 திறப்பு விழாவில் யார் அவரை நினைத்தார்கள்?

இரண்டாம் நாளை எர்திக் மாளிகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் தெற்கே நடந்தே போகலாம். பிரிட்டனில் பிரபு மாளிகைகளுக்குக் குறைவில்லை, ஒன்றைப் பார்த்தால் மற்றதெல்லாம் தெரிந்தது போலத்தான்: சரவிளக்கு, மூதாதையர் படம், தொடக்கூடாத நாற்காலி. எர்திக் அப்படியல்ல. இங்கே பார்க்க வேண்டியது வேலைக்காரர்களின் படங்களை. 1790களில் முதலாம் பிலிப் யார்க் என்ற எஜமான் ஒரு ஓவியரை வைத்துத் தன் தச்சர், வேட்டைக் காவலர் என்று வீட்டு ஆட்களைப் படமாக எழுத வைத்தார். ஒவ்வொரு படத்திலும் தானே ஒரு செய்யுளும் எழுதிச் சேர்த்தார். செய்யுள் சுமார் ரகம்தான், படம் பேசும்.

எனக்கு எல்லாரையும்விடப் பிடித்தவர் ஜேன் எப்ரெல். 87 வயதுக் கிழவி, கையில் நீளத் துடைப்பம். அவர் பார்த்த வேலைக்கு அந்த வீட்டில் சொன்ன பெயரைத் தமிழில் அப்படியே சொல்லலாம்: ஒட்டடை அடிப்பவர். ஏறத்தாழ எழுபது வருடத்துக்கு முன்னால் அந்த வேலையில் சேர்ந்தவர், எங்கள் எல்லாருக்கும் தாய் இவர் என்கிறது செய்யுள். ஒட்டடை அடித்த பாட்டிக்கு எண்ணெய் ஓவியம் எழுதி, பாட்டும் கட்டித் தொங்கவிட்ட இன்னொரு பெரிய வீடு எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறேன்.

ஆனால் அதே கூடத்தில் இன்னொரு படம் இருக்கிறது, அது மற்றவற்றைவிடப் பழையது. கையில் ஊதுகொம்போடு ஒரு கறுப்பினச் சிறுவன். பிலிப் யார்க் பல பத்தாண்டுகள் கழித்து அதற்கும் செய்யுள் எழுதினார். இவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது சொற்பம், ஆனாலும் இங்கே வாழ்ந்தான், மெல்லர் எஜமானுக்குக் கொம்பு ஊதினான் என்று. மெல்லர் யார்க் குடும்பத்துக்கு முன்பு வீட்டை வைத்திருந்தவர். ஜேன் பாட்டிக்குப் பெயர், வயது, வேலை எல்லாம் உண்டு. இந்தப் பையனுக்குக் கொம்பு மட்டும். யேலின் கல்லறையிலிருந்து இந்தப் படத்துக்கு நடக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது.

வேலைக்காரர்களைக் கொண்டாடிய வீடு என்ற பெருமைக்கும் ஒரு கறை உண்டு. 1907இல் எலன் பெங்கெத் என்ற சமையல்காரி வீட்டுக் கணக்கில் 500 பவுண்டு திருடினார் என்று போலீஸில் ஒப்படைத்தார்கள். கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணம், எஜமானியின் குழப்பமான கணக்கு என்று விஷயம் வெளியே வந்து, ஜூரி அவரை விடுதலை செய்தது. நல்ல எஜமானர்கள் நல்லவர்களாக இருப்பது கணக்குப் புத்தகம் திறக்கும் வரைக்கும்தான் போல.

வீட்டை விழுங்கப் பார்த்தது அதன் அடியில் இருந்த நிலக்கரி. பெர்ஷம் சுரங்கம் கீழே தோண்டத் தோண்ட மாளிகை 5 அடி கீழே இறங்கியது. கடைசி எஜமான் மூன்றாம் பிலிப் யார்க், திருமணம் செய்துகொள்ளாதவர், ஒழுகும் கூரைக்கடியில் மின்சாரம் இல்லாமல் வாழ்ந்து, எந்தப் பொருளையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் 1973இல் வீட்டை ஒப்படைத்தார். அதனால்தான் துடைப்பம் வரைக்கும் அங்கே இருக்கிறது.

அங்கிருந்து ஓடைக்கரையோடு நடந்தால் பெர்ஷம். இன்று பறவைச் சத்தம் மட்டும் கேட்கும் பள்ளத்தாக்கு. ஜான் வில்கின்சன் காலத்தில் உலை வெளிச்சத்தில் இரவே கிடையாது. 1774இல் அவர் பீரங்கிக் குழலைக் கெட்டி இரும்பிலிருந்து நேராகக் கடைந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தை வரைந்துவிட்டு, ஆவி கசியாத உருளை கிடைக்காமல் வருஷக்கணக்காகத் திண்டாடிக்கொண்டிருந்தார். வில்கின்சன் கடைந்து கொடுத்தார். 50 அங்குல விட்டமுள்ள உருளையில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுகூடப் பிசகில்லை என்று வாட்டின் பங்காளி போல்ட்டன் எழுதினார். வாட்டுக்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடைத்தது. கடைந்தவருக்கு 'இரும்புப் பைத்தியம்' என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் பொருத்தமானதுதான். இரும்பில் படகு கட்டினார், தன் முகம் பொறித்த நாணயம் அடித்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார், தனக்கென்று இரும்புச் சவப்பெட்டியைச் செய்து முன்கூட்டியே வைத்துக்கொண்டார். 1808இல் இறந்தபின் அந்தப் பெட்டியும் இடமும் சரிப்படாமல் அவரை மூன்று நான்கு முறை தோண்டிப் புதைத்தார்கள். பெர்ஷம் தொழில் அழிந்ததில் பெரும்பங்கு அண்ணன் தம்பிச் சண்டைக்கு. தம்பி வில்லியமும் இவரும் பாகம் பிரிப்பதில் மோதிக்கொண்டதில் ஆலை சிதறியது.

கடைசியாக கிரெஸ்ஃபோர்ட். செஸ்டர் போகும் வழியில் இருக்கும் கிராமம். கால்பந்து வேண்டாம் என்று கேட்டீர்கள், ஆனால் இங்கே அது வந்துதான் தீரும்.

1934 செப்டம்பர் 22, சனிக்கிழமை. பிற்பகல் ரெக்ஸம் மைதானத்தில் டிரான்மியர் ரோவர்ஸ் அணியோடு ஆட்டம். அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பலர் தங்கள் முறையை மாற்றிக்கொண்டோ இரட்டை முறை பார்த்தோ வெள்ளி இரவே சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தார்கள். அதிகாலை இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் டென்னிஸ் என்ற பகுதியில் வாயு வெடித்தது. அந்தப் பகுதியில் இருந்தவர்களில் ஆறு பேர் மட்டுமே வெளியே வந்தார்கள். காப்பாற்றப் போனவர்களில் மூவர் இறந்தனர். தீ அடங்காமல், உள்ளே இருப்பவர்களை விட்டுவிட்டுச் சுரங்க வாயை மூடினார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி வெடித்ததில் மூடி பறந்து மேலே வேலை செய்த ஒருவர் இறந்தார். மொத்தம் 266 பேர். வெளியே எடுத்த உடல்கள் 11. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் அங்கே, அதே இடத்தில், அரை மைல் ஆழத்தில் இருக்கிறார்கள்.

விசாரணையில் தொழிலாளர் தரப்புக்காக ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் சம்பளம் வாங்காமல் வாதாடினார். எட்டு ஆண்டு கழித்து இந்தியாவுக்குத் தூது வந்த அதே கிரிப்ஸ்தான். காற்றோட்டம் அளந்ததாகக் காட்டும் பதிவுகள் அளக்காமலேயே எழுதப்பட்டவை என்று தெரிந்தது. சுரங்கக் கம்பெனிக்கு விழுந்த அபராதம் 140 பவுண்டு, வழக்குச் செலவு 350. செத்தவர்களின் எண்ணிக்கையால் அந்த 140ஐ வகுத்துப் பார்க்காதீர்கள், நான் பார்த்துவிட்டு அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

சுரங்கத்தை 1973இல் மூடிவிட்டார்கள். நினைவுச் சின்னமாக, சுரங்க வாய்க்கு மேலே கூண்டை ஏற்றி இறக்கிய அதன் பழைய தலைச்சக்கரத்தின் ஒரு பகுதியை 1982இல் நிறுத்தி வைத்தார்கள். சாலையிலிருந்து பார்க்கலாம், பெரிய கூட்டம் இருக்காது. அப்படியே கிராமத்து ஆலயத்துக்கும் போங்கள். ஏழு அதிசயங்களில் சொன்ன மணிகள் தொங்குவது அங்கேதான். உள்ளே விபத்தைப் பற்றிய ஓவியமும் இறந்தவர்களின் பெயர்ப் புத்தகமும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தைப் புரட்டினால் ஜோன்ஸ், எட்வர்ட்ஸ், ராபர்ட்ஸ், மறுபடி ஜோன்ஸ் என்று வரும். வெல்ஷ்காரர்களிடம் குடும்பப் பெயர்கள் கம்மி, ஒரே பெயரில் ஊரே இருக்கும். சேர்ந்தாற்போல் வரும் இரண்டு ஜோன்ஸ் அண்ணன் தம்பியா, அடுத்த தெருக்காரரா என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது. அங்கே வழக்கமாக வரும் வயதானவர் யாராவது இருந்தால் கேளுங்கள், சொல்வார்.